கொல்லையில் வெந்த பன்றிக்குடல்

சிங்கப்பூரிலிருந்து ஒரேயடியாகத் திரும்பி வந்த என் கணவரால் வீட்டில் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. காலையில் எழுந்ததும் வாசல் கேட்டைத் திறப்பார், மூடுவார். மாடிக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டியை எட்டிப் பார்ப்பார். கீழே வந்து டிவியைப் போடுவார். செய்தி வாசிப்பவர் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் அணைத்துவிடுவார். பிறகு பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்புவார். எங்கே என்று கேட்டால், "சும்மா, அங்குட்டு வரைக்கும்" என்பார். ரயில்வே ஜங்ஷன் பக்கமோ தேவகோட்டை ரோட்டிலோ ஒரு டீயைக் குடித்துவிட்டுத் திரும்புவார். வந்தவர் ஹெல்மெட்டைக் கழற்றாமல் ஹாலில் நிற்பார், எதற்கு வந்தோம் என்று யோசிப்பவரைப் போல.

எங்கள் கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவருக்கு அங்கேதான் வேலை. கப்பல் கட்டும் தளத்தில் வெல்டராக இருந்து சூப்பர்வைசர் ஆனவர். வருஷத்துக்கு ஒருமுறை லீவில் வருவார். கல்யாணம், காது குத்து, கோயில் என்று அந்த லீவு கரைந்துவிடும். கம்பெனியில் ஆட்களைக் குறைத்தபோது பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். ஆக, ஐம்பது வயதை நெருங்கும்போதுதான் நாங்கள் இருவரும் ஒரே கூரையின் கீழ் குடித்தனம் நடத்தத் தொடங்கினோம். மகள் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். வீட்டில் நான், அவர், அவருடைய அம்மா.

நான் காரைக்குடியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசகர். சர்க்கரைக்காரர்களுக்கும் இதயத்தில் அடைப்பு உள்ளவர்களுக்கும் எதைச் சாப்பிடலாம், எதைத் தொடக் கூடாது என்று சொல்வது என் வேலை. 'டயட் மேடம்' என்றுதான் கூப்பிடுவார்கள். அப்படிப்பட்ட எனக்கு என் வீட்டு மனிதரைச் சாப்பிட வைக்கத் தெரியவில்லை. நாலு கவளத்துக்கு மேல் அவருக்கு இறங்கவில்லை. சட்டைக் காலருக்குள் கழுத்து ஒல்லியாகத் தெரிய ஆரம்பித்தது. ரத்தம், தைராய்டு, ஸ்கேன் எல்லாம் பார்த்தோம். ரத்தச் சிவப்பு கொஞ்சம் குறைவு, மற்றபடி பயப்பட ஒன்றுமில்லை என்றார் டாக்டர். ஆட்டு ஈரல் வாங்கினேன். ரத்தம் ஊறுவதற்கு எங்கள் பக்கம் சுட்டுக் கொடுக்கும் சுவரொட்டி, அதுதான் ஆட்டின் மண்ணீரல், அதையும் வாங்கினேன். ஒரு வாய் தின்றுவிட்டுத் தட்டைத் தள்ளிவிடுவார்.

ஒரு மதியம் எனக்குப் பொறுமை போய்விட்டது.

"என்னதான் வேணும் உங்களுக்கு? வாயைத் தொறந்து சொன்னாத்தான தெரியும். என்ன செஞ்சு போட்டாச் சாப்பிடுவீக?"

அவர் தட்டிலிருந்த சோற்றை விரலால் ஒதுக்கிக்கொண்டே இருந்தார். "சொன்னா ஏசுவ."

"ஏச மாட்டேன்."

"பன்னிக்குடலு. வறுத்தது."

மாவு சலித்துக்கொண்டிருந்த அத்தையின் கை நின்றது. ஆனால் என் கணவர் பேச்சை நிறுத்தவில்லை. ஊருக்கு வந்தபின் அவ்வளவு நேரம் அவர் பேசி நான் கேட்டதே இல்லை. தளத்துக்கு வெளியே வரிசையாகச் சாப்பாட்டுக் கடைகள் இருக்குமாம். அதில் ஒரு சீனக் கிழவர் பன்றியின் இரைப்பையை மிளகு போட்டு வேகவைத்து, மெல்லிசாக நறுக்கி, வறுத்துக் கொடுப்பாராம். குடல் என்று பொதுவாகச் சொன்னாலும் அது இரைப்பைதான். "முதல்ல என்னன்னு தெரியாமத் தின்னேன். தெரிஞ்சதுக்கு அப்புறமும் தின்னேன். வெளிய மொறுமொறுன்னு இருக்கும், உள்ள நுங்கு மாதிரி. வெல்டிங் பண்ணிட்டு வந்தா வாயெல்லாம் இரும்பா இருக்கும். அதத் தின்னாத்தான் நாக்குக்கு உசிரு வரும்."

"என்னத்தா சொல்றான் இவன்?" என்று அத்தை என்னைக் கேட்டார், மகனைக் கேட்காமல். பதிலுக்கும் காத்திருக்கவில்லை. "இந்த அடுப்புல ஆடு வெந்துருக்கு, கோழி வெந்துருக்கு, நண்டு வெந்துருக்கு. பன்னி வெந்தது இல்ல. நான் இருக்குற வரைக்கும் வேகாது."

எங்களுடையது நிலபுலம் உள்ள விவசாயக் குடும்பம். அந்தக் கறியின் பெயரைச் சொல்லும்போதே அதைத் தின்பவர்களையும் சேர்த்துத் தாழ்த்திப் பேசுகிற வழக்கம் எங்கள் வீடுகளில் உண்டு. அத்தையின் கோபத்தில் பாதி கறியின் மேல் இல்லை. அது எனக்கும் தெரியும், அத்தைக்கும் தெரியும்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் ஒரு நோயாளிக்கும் அடுத்தவருக்கும் நடுவில் அதைப் பற்றித் தேடிப் படித்தேன். புரதம் நன்றாக இருக்கிறது. வறுக்காத வரையில் கொழுப்பும் பயப்படும் அளவுக்கு இல்லை. துத்தநாகமும் செலினியமும் உண்டு. பி12 ஓரளவுக்கு. இரும்புச்சத்தில் ஈரலின் பக்கத்தில் நிற்க முடியாது. கொலஸ்ட்ரால் மட்டும் அதிகம். எண்ணெயில் போட்டால் கணக்கு வேறு. மாதம் ஒருமுறை, கைப்பிடி அளவு, கூடவே கீரையும் சோறும் என்றால் யாருக்கும் நான் வேண்டாமென்று சொல்லியிருக்க மாட்டேன். இதையெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் நான் தேடியது சத்து அல்ல. அதை வாங்கப் போவதற்கு ஒரு சாக்கு.

பைபாஸ் ரோட்டில் ஊரைத் தாண்டி ஒரு தகரக் கொட்டகை. 'வெண்பன்றி இறைச்சி கிடைக்கும்' என்று போர்டு வைத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் வியாபாரம். கடையைப் பார்த்துக்கொண்டிருந்தது ஒரு புருஷன் பெண்டாட்டி. ஸ்கூட்டியைத் தள்ளி நிறுத்திவிட்டு, துப்பட்டாவைத் தலையில் சுற்றிக்கொண்டு போனேன். எனக்கு முன்னால் நின்றவர் ஹெல்மெட்டோடு நின்றார்.

"மருந்துக்கா, சாப்பாட்டுக்கா?" என்று அந்தப் பெண் அவரைக் கேட்டார்.

"மருந்துக்குத்தான்." மூல நோய்க்கு இந்தக் கறி நல்லது என்று எங்கள் பக்கம் ஒரு நம்பிக்கை. அதைச் சொல்லிவிட்டால் யாரும் வாங்கலாம், மானம் போகாது. ஹெல்மெட்காரர் கறுப்புப் பையை வாங்கிக்கொண்டு திரும்பினார். கண்ணாடிக்குள் தெரிந்த முகம் எனக்குத் தெரிந்த முகம். போன வாரம்தான் கொழுப்பைக் குறைக்கச் சொல்லி அவருக்கு ஒரு மணி நேரம் பேசியிருந்தேன்.

"மேடம்... மருந்துக்கு" என்றார்.

"எனக்கும் மருந்துக்குத்தான்" என்றேன். இருவரும் வேறு வேறு பக்கம் நடந்தோம்.

நான் குடல் கேட்டதும் கடைக்காரப் பெண் சிரித்துவிட்டார். "மருந்துக்குன்னா கறியத்தானக்கா வாங்குவாக. குடல எதுக்குக் கேக்குறீக?"

அத்தையின் அடுப்பைத் தொடவில்லை. கொல்லையில் துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் பழைய சிங்கிள் பர்னர் அடுப்பை வைத்தேன். ஒரு குக்கரையும் ஒரு வாணலியையும் இதற்கென்றே புதிதாக வாங்கியிருந்தேன். ஆட்டுக்குடல் கழுவிய கைதானே என்ற நினைப்பில் மஞ்சளும் உப்பும் போட்டுக் கழுவினேன். வழவழப்பு போகவே இல்லை. கையை மோந்து பார்த்தேன், மறுபடி கழுவினேன். குக்கரில் ஆட்டுக்குடலுக்கு வைக்கிற அளவுக்கே விசில் வைத்தேன். ஆவி வந்ததும் வீடெல்லாம் ஒரு வாடை. பின்வாசல் வழியாக உள்ளே போய், அத்தையின் அறை வரைக்கும் போயிருக்க வேண்டும்.

அத்தை ஒரு பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். "நான் நெற்குப்பைக்குப் போறேன்" என்றார். அங்கே என் நாத்தனார் வீடு இருக்கிறது. "இருங்கத்தே, வெயில்ல எங்க போறீக?" என்று நான் ஈரக்கையோடு பின்னால் ஓடினேன். தெருமுனை வரைக்கும் கேட்கும்படி, "நீ போயி உன் புருசனுக்கு ஆக்கிப் போடு" என்று சொல்லிவிட்டு டவுன் பஸ்ஸுக்கு நடந்துவிட்டார். தடுக்கப் போன என் கணவரை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அந்தப் பதற்றத்தில் வேகவைத்ததை ஈரம் வடியாமலே எண்ணெயில் போட்டுவிட்டேன். பட்டாசு மாதிரி வெடித்தது. முழங்கைக்குக் கீழே எண்ணெய் தெறித்துக் கொப்புளம் போட்டது. எப்படியோ வறுத்து, தட்டில் வைத்து அவர் முன்னால் நீட்டினேன். ஒரு துண்டை வாயில் போட்டார். மென்றார். மென்றுகொண்டே இருந்தார்.

"எப்புடி இருக்கு?"

விழுங்கிவிட்டுத் தண்ணீர் குடித்தார். "ரப்பர் மாதிரி இருக்கு. இது இல்ல."

எழுந்தார். பைக் சாவி எடுக்கும் சத்தம் கேட்டது.

என் வாழ்க்கையில் அவ்வளவு கோபம் எனக்கு வந்ததில்லை. மாமியாரைப் பகைத்து, முகத்தை மூடிக்கொண்டு போய் வாங்கி, கையைச் சுட்டுக்கொண்டு ஆக்கியிருக்கிறேன். இது இல்லையாம். வாணலியோடு கொண்டுபோய் வேலிக்கு வெளியே கொட்டினேன். தெருநாய்கள் கூடத் தயங்கித்தான் வந்தன. பிறகு வீட்டுக்குள் நான் நடக்க ஆரம்பித்தேன். ஹாலிலிருந்து கொல்லைக்கு, கொல்லையிலிருந்து வாசலுக்கு. கேட்டைத் திறந்து பார்த்தேன், மூடினேன். அவர் செய்வதையெல்லாம் நான் செய்துகொண்டிருந்தேன்.

சாயங்காலம் ஆகியும் ஆளைக் காணோம். போன் செய்தேன்.

"எங்குட்டு இருக்கீக?"

"புதுவயல்ல." பின்னால் லாரிச் சத்தமும் சிரிப்பும் கேட்டன. "அரிசி மில்லுப் பக்கம் நிக்கிறேன். இங்க நிறையப் பேரு ஜார்க்கண்டு, அஸ்ஸாம் பசங்க. பேசிக்கிட்டு இருக்கேன்."

"அவுக பாசை உங்களுக்கு எப்புடித் தெரியும்?"

"கப்பல் யார்டுல பேசுற இந்திதான். வேலைக்கி வந்த எடத்துல பேசுற பாசை ஒண்ணுதான்."

அன்று வீட்டுக்கு வந்தவர் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். என் கைக் கொப்புளத்தைப் பார்த்தார். மருந்து தடவிவிட்டார். "அடுத்த ஞாயித்துக்கிழமை நான் செய்றேன்" என்றார்.

"உங்களுக்குச் சமைக்கத் தெரியுமா?"

"அங்க ரூமுல பன்னெண்டு பேருக்கு ஆக்கிப் போட்டுருக்கேன்."

அவர் சமைப்பார் என்பதே எனக்குத் தெரியாது. இத்தனை வருஷம் போனில் பேசியதெல்லாம் இங்கத்தி விஷயம்தான். கொத்தனார் வரவில்லை, மகளுக்குக் காய்ச்சல், அத்தைக்கு முட்டி வலி. அங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் என்ன செய்தார் என்று நான் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை.

அடுத்த ஞாயிறு அவரே போய் வாங்கிவந்தார். கொல்லையில் குந்தி உட்கார்ந்தார். இரைப்பையைக் காலுறை மாதிரி உள்ளே வெளியே புரட்டினார். கல் உப்பையும் அரிசி மாவையும் போட்டுத் தேய்த்தார். மாவோடு வழவழப்பு சுருட்டிக்கொண்டு வந்தது. கொதிக்கும் தண்ணீரில் முக்கி எடுத்து, கத்தியைச் சாய்த்துப் பிடித்து, மேலே படிந்திருந்த வெள்ளைத் தோலைச் சுரண்டினார். அந்தத் தண்ணீரைக் கொட்டினார். மறுபடி கழுவினார். மோந்து பார்த்துத் தலையாட்டினார். நான் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் எழுந்திருக்கவே இல்லை. பக்கத்தில் போன் அடித்தது, எடுக்கவில்லை.

"குக்கர் வேணாமா?"

"வேணாம். மெதுவா வேகணும். கரண்டிக் காம்பால அழுத்துனா உள்ள எறங்கணும். அதுவரைக்கும் சும்மா இருக்கணும்."

இஞ்சி, நசுக்கிய மிளகு, அன்னாசிப்பூ போட்டுச் சின்னத் தீயில் வைத்தார். சும்மா இருக்கணும் என்று சொன்னவர் நிஜமாகவே சும்மா இருந்தார். வெந்ததை எடுத்து, துணியில் ஒற்றி, மின்விசிறிக்குக் கீழே பரத்திக் காயவைத்தார். காய்ந்ததும் விரல் அகலத்துக்கு நறுக்கினார். வாணலியில் நல்லெண்ணெய், சோம்பு, கறிவேப்பிலை, சின்ன வெங்காயம். துண்டுகளைப் போட்டபோது வெடிக்கவில்லை, சிணுங்கியது. ஓரம் சிவந்து வரும்போது அலமாரியிலிருந்து ஒரு டப்பாவைக் கொண்டுவரச் சொன்னார். அத்தை வறுத்து அரைத்து வைத்திருக்கும் மசாலாப் பொடி.

"இது எதுக்கு? சீனக் கிழவரு இதையா போட்டாரு?"

"கிழவரு போடல. நான் போடுவேன். ஒவ்வொரு லீவுக்கும் நீ கட்டிக் குடுப்பியே, அது."

"மீன் குழம்புக்குல்ல குடுத்தேன்!"

"மீனுக்கும் போட்டேன்" என்றார்.

நான் ஒரு துண்டை எடுத்து வாயில் வைத்தேன். முதலில் மிளகும் பொடியிலிருந்த கல்பாசியும் மட்டும் தெரிந்தன. பிறகு ஓரத்தின் மொறுமொறுப்பு, அதற்குள்ளே பல்லுக்கு விட்டுக்கொடுக்கிற மென்மை. வாடை இருந்தது. இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் அது கெட்ட வாடை அல்ல, தெரியாத வாடை. இரண்டாவது துண்டை எடுத்தேன். அவர் ஒரு தட்டுச் சோற்றைச் சாப்பிட்டு முடித்து, ரசத்துக்கு இன்னொரு கரண்டி சோறு கேட்டார். மீந்ததைத் தூக்குவாளியில் போட்டுக்கொண்டு புதுவயலுக்குக் கிளம்பினார். "பசங்களுக்குக் கொண்டாறேன்னு சொல்லிட்டேன்."

அது ஒரு வாரத்தோடு நிற்கவில்லை. தூக்குவாளி பெரிய பாத்திரமானது. பாத்திரம் தள்ளுவண்டியானது. மில் தொழிலாளர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் ஓய்வு. மத்தியானத்திலிருந்து பொழுது சாயும்வரை ரோட்டோரம் நின்று வறுத்துக் கொடுத்தார். நானும் அதில் ஒன்று சேர்த்தேன். ஒவ்வொரு தட்டிலும் பச்சை வெங்காயமும் வெள்ளரியும் எலுமிச்சைத் துண்டும் வைத்தால்தான் விற்கலாம் என்றேன். "இது ஆஸ்பத்திரி இல்ல" என்று முணுமுணுத்துக்கொண்டே வைத்தார்.

ஆனால் எனக்கு நிம்மதி வரவில்லை. சொந்தக்காரர்கள் போனில் நலம் விசாரிக்கிற குரலில் ஒரு இழுப்பு வந்தது. ஒரு கல்யாண வீட்டில் நான் உட்கார்ந்த பந்தியில் பக்கத்து இலைக்காரி எழுந்து வேறு வரிசைக்குப் போனாள். தற்செயலாக இருக்கலாம். அதை இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அத்தை நெற்குப்பையிலிருந்து திரும்பி வந்ததும் வாசலிலேயே நின்று மகனைக் கேட்டார்.

"மில்லுல வேலை பாக்குறவய்ங்களுக்குப் பன்னிக்கறி விக்கிறியாமுல்ல? எந் தலையெழுத்தா இது?"

"உழைக்கிறவய்ங்க திங்கிறாய்ங்கம்மா. நானும் அப்புடித்தான் தின்னேன். நீ அரைச்ச பொடியப் போட்டுத்தான் தின்னேன்."

சொல்லியிருக்க வேண்டாம். அத்தையின் முகம் அப்படியே வற்றிவிட்டது. "அப்ப இம்புட்டு வருசமா அதுக்குத்தான் அரைச்சுக் குடுத்தேனா?" என்று மெதுவாகக் கேட்டார். அதன்பின் அவர் பொடி அரைக்கவில்லை. மிளகாயும் மல்லியும் வறுக்காமல் கிடந்தன. நான் மிஷினில் கொடுத்து அரைத்து வந்தேன். அது வேறு மாதிரி இருந்தது. கொல்லை அடுப்பின் பக்கம் அத்தை வருவதில்லை. தன் தட்டையும் டம்ளரையும் தானே கழுவி, தனியாகக் கவிழ்த்து வைத்தார்.

மழைக்காலம் தொடங்கிய சமயம் ஒரு காலையில் என் கணவரால் தரையில் காலை ஊன்ற முடியவில்லை. வலது காலின் பெருவிரல் மூட்டு சிவந்து வீங்கியிருந்தது. போர்வை பட்டாலே அலறினார். யூரிக் அமிலம் ஏறியிருக்கிறது என்று பார்த்ததுமே எனக்குத் தெரிந்தது. உள்ளுறுப்புக் கறிகளில் பியூரின் அதிகம், அது உடலில் யூரிக் அமிலமாக மாறும் என்பதை எத்தனையோ பேருக்கு நானே சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு வாரமும் ருசி பார்க்கிறேன் என்று அவர் எவ்வளவு தின்றிருக்கிறார் என்பதை நான் கவனித்தும் பேசாமல் இருந்திருக்கிறேன். அவர் சாப்பிடுகிறார் என்ற சந்தோஷம் என் வாயைக் கட்டிப்போட்டிருந்தது.

"இனிமே வாயில வைக்கக் கூடாது. ஆக்கலாம். திங்கக் கூடாது" என்றேன்.

"ருசி பாக்காம எப்புடி ஆக்குறது?"

"மோந்து பாருங்க."

வலியோடு சிரித்தார். பிறகு ஜன்னலைப் பார்த்தார். "இன்னிக்கு ஞாயித்துக்கிழமை. பசங்க வந்து நிப்பாய்ங்க. நேத்தே கழுவி வேகவச்சு ஃபிரிட்ஜுல இருக்கு." எழ முயன்றார், முடியவில்லை. படுத்தார். மறுபடி முயன்றார். அந்தக் கட்டிலில் அவர் புரண்டதைப் பார்க்க என்னால் முடியவில்லை.

"நான் போறேன்" என்றேன்.

கதவுக்கு வெளியே அத்தை நின்றிருந்தார். கையில் ஒரு ஈரத்துணி. உள்ளே வந்து மகனின் காலடியில் உட்கார்ந்து வீங்கிய விரலில் படாமல் பாதத்தின் மேல் துணியைப் போட்டார். என்னை நிமிர்ந்து பார்க்காமலே, "போறதுன்னா வெரசாப் போயிட்டு வா. மழை வருது. இவன நான் பாத்துக்கிறேன்" என்றார். சம்மதமா, வேறு வழியில்லாமையா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் நேரமில்லை.

ஆட்டோவில் பாத்திரங்களை ஏற்றிக்கொண்டு புதுவயலுக்குப் போனேன். வண்டிக்குப் பக்கத்தில் ஆட்கள் ஏற்கெனவே நின்றிருந்தார்கள். அரிசித் தவிடு ஒட்டிய தலைமுடி, குளித்துவிட்டுப் போட்ட சுத்தமான சட்டை. அண்ணா எங்கே என்று கையால் கேட்டார்கள். காலைக் காட்டினேன். ஒருவர் "பீமார்?" என்றார், உடம்பு சரியில்லையா என்று. தலையாட்டினேன். அடுப்பைப் பற்றவைத்தேன். தீ முதலில் பெரிதாக எரிந்தது, குறைத்தேன். மழைத்தூறல் எண்ணெயில் விழுந்து பொரிந்தது. ஒருவர் தன் குடையை வண்டிக்கு மேல் பிடித்தார். கார் ஒன்று மெதுவாகப் போகும்போது உள்ளே யாராவது தெரிந்தவர்களோ என்று பார்த்தேன். பிறகு பார்க்கவில்லை. பார்த்தால் ஓரம் கருகிவிடும்.

முதல் தட்டை வாங்கியவர் ஒரு துண்டைத் தின்றுவிட்டு யோசித்தார். நான் கரண்டியை நிறுத்திவிட்டு அவர் வாயையே பார்த்தேன்.

"நமக்" என்றார். இரண்டு விரலைச் சேர்த்துப் பொடி தூவுவது போலக் காட்டினார். உப்பு குறைவு.

போட்டுக் கிளறினேன். அதற்குள் வரிசையில் இன்னும் நாலு பேர் வந்து சேர்ந்துகொண்டார்கள். வெங்காயம் நறுக்க வேண்டியிருந்தது.